அறிந்தவர்க்கிடையே போர்: யப்பானிய இயந்திர வீரர் தொடர்கள் பற்றிய ஒரு நோக்கு

போரை மையமாகக் கொண்ட கலைப்படைப்பு எதுவாயினும் அதனை மதிப்பிட முனைவோர் வழமையாக எழுப்பும் வினா ஒன்றுண்டு. அதில் போர் எவ்வளவு, நாடகம் எவ்வளவு என்பதே அவ்வினா. சண்டைக் காட்சிகள் மிகுந்தால் கதை மெலிந்துவிட்டது என்பர். பாத்திரங்கள் நெடுநேரம் பேசினால் விறுவிறுப்புக் குன்றிவிட்டது என்பர். இரண்டையும் அளவாகக் கலந்த படைப்பே சிறந்தது என்ற முடிவு ஆராயப்படாமலே ஏற்றுக்கொள்ளப்பட்டு விடுகின்றது. கறிக்கு உப்பும் புளியும் பார்ப்பது போன்ற இத்திறனாய்வு முறை, இன்று இளைஞர் பலர் விரும்பிப் பார்க்கும் யப்பானிய இயந்திர வீரர் தொடர்கள் பற்றிய உரையாடல்களில் மிகத் துலக்கமாகத் தெரிகின்றது.

இயந்திர வீரர் தொடர் என ஈண்டுக் குறிக்கப்படுவது, மனித வடிவிலமைந்த மாபெரும் போர்ப்பொறிகளும் அவற்றினுள் அமர்ந்து செலுத்துவோரும் இடம்பெறும் அசைவூட்டச் சித்திரத் தொடராகும். இயந்திரம் சார்ந்தது எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல்லைச் சுருக்கி யப்பானியர் இவ்வகையை ‘மெக்கா’ என்பர். கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர் போன்ற ஊர்களின் வாசகர்க்கு அவ்வொலி புனித நகரொன்றின் பெயரை நினைவூட்டுமாதலால், தமிழில் வேறு பெயர் வைத்துக்கொள்வதே முறையாகும்.

இவ்வகையின் வரலாற்றில் ஒரு சிறு மாற்றம் பெரும் விளைவைத் தந்தது. 1963 இல் ஒளிபரப்பாகத் தொடங்கிய ‘தெத்சுஜின் 28’ என்னும் தொடரில் சிறுவன் ஒருவன் இரும்பு மனிதனைத் தொலைவிலிருந்து இயக்கினான். 1972 இல் வெளிவரத் தொடங்கிய கோ நாகையின் ‘மசிங்கர் ஸெட்’ தொடரிலோ மனிதன் இயந்திரத்தின் தலையினுள்ளே புகுந்துகொண்டான். இயந்திரம் வாங்கும் அடி இப்போது ஓர் உடலின்மீதும் விழுந்தது. நாடகத்துக்கு வேண்டிய மனிதன் களத்துக்கு வந்துவிட்டான். எனினும், 92 பகுதிகளாக நீண்ட அத்தொடரில் பெரும்பாலும் வாரத்துக்கொரு புதிய இயந்திர மிருகம் வரும். மசிங்கர் அதனை முறியடிக்கும். அடுத்த வாரம் இன்னொன்று வரும். இரும்புக்குள் இருப்பவன் யார் என்பதை நாம் அறிவோம். அவனுக்கு எதிரே நிற்பது யார் என்பதை அறியோம். அறியவேண்டிய தேவையும் எழுவதில்லை.

இந்நிலை தமிழருக்குப் புதியதன்று. முஸ்லிம் புலவர் தமிழுக்குத் தந்த இலக்கிய வகைகளுள் ஒன்றாகிய படைப்போரை இங்கு நினைவுகூரலாம். 1686 இல் வரிசை முகியித்தீன் புலவர் பாடிய ‘சக்கூன் படைப்போர்’ முதலாக, அசன் அலிப் புலவரின் ‘ஐந்து படைப்போர்’ ஈறாக, இந்நூல்கள் முன்னைய தலைமுறையினரின் வீடுகளில் இரவு வேளைகளில் இராகமிட்டுப் படிக்கப்பட்டன. கேட்டோர் நெஞ்சில் வீரமும் பற்றும் பெருகின என்பதில் ஐயமில்லை. எனினும் இலக்கிய நோக்கிற் பார்க்குமிடத்து, தூது, வீரவுரை, தனிப்போர், வெற்றி என்ற ஒழுங்கில் அடுக்கப்படும் பல படைப்போர் நிகழ்ச்சிகளில் எதிரி பெயரளவிலேயே எதிரியாக உள்ளான். தொலைதேசத்து அரசன் ஒருவன் வருகின்றான், பொருதுகின்றான், வீழ்கின்றான், அன்றேல் மனந்திரும்புகின்றான். அவன் வீழ்ந்தமையால் எவருடைய வீட்டில் எது குறைந்தது என்பதைப் புலவர் சொல்ல நிற்பதில்லை. கர்பலா நிகழ்ச்சியோ முற்றிலும் வேறானது. அங்கு அழைத்தவர்களே கைவிடுகின்றனர். வழிமறித்து நின்ற படைத்தலைவனாகிய ஹுர், போர் நாளன்று தான் மறித்தவரின் பக்கமே வந்து உயிர் துறக்கின்றார். வாள்களின் எண்ணிக்கையிற் பார்த்தால் கர்பலா சிறு போர். எதிரெதிரே நின்றோர் ஒருவரையொருவர் அறிந்திருந்தனர் என்பதே அதனை நூற்றாண்டுகள் கடந்தும் அழச் செய்கின்றது.

கல்முனையை அடுத்த பாண்டிருப்பில், திரௌபதை அம்மன் ஆலயத்தில் ஆண்டுதோறும் பாரதம் படிக்கப்பட்டுத் தீமிதிப்புடன் விழா நிறைவெய்துகின்றது. பாரதத்தில் போருக்குக் குறைவில்லை. ஆயினும் மக்கள் மனங்கொண்ட பகுதி கர்ணனுடையது. குந்தி வந்து தாய்மையை வெளிப்படுத்திய பின்னர், எதிரே நிற்பவன் தம்பி என்பதைக் கர்ணன் அறிவான், அருச்சுனன் அறியான். நாக அம்பை இரண்டாம் முறை தொடுப்பதில்லை என்று தாய்க்குக் கொடுத்த வாக்கு அவன் கையைக் கட்டி நிற்கின்றது. அதன்பின் தொடுக்கப்படும் ஒவ்வோர் அம்பும் ஒரே வேளையில் போராகவும் நாடகமாகவும் உள்ளது. இதில் எது எத்தனை பங்கு என எவராவது அளந்து சொல்ல முடியுமா?

மட்டக்களப்பு வடமோடிக் கூத்து இக்கதைகளையே ஆடிவந்தது. கரப்புடுப்பின் வளையங்களாலும் முடியாலும் மனித உடலைப் பெருப்பித்துக் காட்டி, மத்தளத்தின் தாளக்கட்டுக்கு அதனைச் சுழலவைக்கும் அக்கலையில் வீரம் ஆட்டமாகவே புலப்பட்டது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையில் 1962 இல் ‘கர்ணன் போர்’ கூத்தையும் 1964 இல் ‘இராவணேசன்’ கூத்தையும் மேடையேற்றியபோது, இரவு முழுவதும் ஆடப்பட்டு வந்தவை ஓரிரு மணித்தியாலங்களுக்குள் அடக்கப்பட்டன. அம்முயற்சியைச் சுருக்கம் என்ற சொல்லாற் குறிப்பிடுவோர் அதன் உயிரைத் தவறவிடுகின்றனர். இராவணனாக ஆடிய சி. மௌனகுருவின் ஆட்டம் அவ்விராவணனின் மனநிலையைத் தாங்கிற்று. ஆட்டத்தைக் குறைத்து வசனத்தைக் கூட்டியதால் விளைந்த வெற்றியன்று அது. கல்முனைக்குத் தெற்கே, காரைதீவிற் பிறந்த விபுலாநந்தர் 1926 இல் வெளியிட்ட ‘மதங்க சூளாமணி’யில் சேக்ஸ்பியரின் நாடகங்களைத் தமிழ் நாடக மரபின் சந்தி, சுவைப் பாகுபாடுகளைக் கொண்டு ஆராய்ந்தவர். பிறநாட்டுக் கலையொன்றை நமது அளவுகோலால் நோக்கலாம் என்பதற்கு அந்நூலே தக்க முன்னுதாரணம். அத்துணிவுடன் யப்பானியத் தொடர்களுக்கு மீளலாம்.

1979 ஏப்ரல் முதல் 1980 ஜனவரி வரை ஒளிபரப்பான யொஷியுக்கி தொமினோவின் ‘மொபைல் சூட் கன்டாம்’ தொடர், எதிரிக்கு முகம் கொடுத்த தொடர் எனப் போற்றப்படுகின்றது. அஃது உண்மையே. ஆயினும் முகம் கொடுப்பது மட்டும் போதாது. அம்முகத்தைக் கதாநாயகன் எப்போது காண்கின்றான் என்பதிலேதான் தொமினோவின் திறன் உள்ளது. பதினைந்து வயதுச் சிறுவனான அமுரோ, 19 ஆம் பகுதியில் தனது கப்பலைவிட்டு ஓடிப்போய்ப் பாலைவனச் சிற்றூரொன்றின் உணவுக்கடையில் அமர்ந்திருக்கின்றான். அங்கே வந்த படையினருள் இருந்த பெண்ணொருத்தி அவனுக்கும் உணவு வாங்கிக் கொடுக்க முன்வருகின்றாள். இரந்துண்ணத் தான் ஆளில்லை என்று அவன் மறுத்துவிடுகின்றான். அவர்களின் தலைவனான ரம்பா ரால் என்னும் முதிர்ந்த வீரனுக்கு அத்துணிவு பிடித்துப்போகின்றது. சிறுவனின் போர்வைக்குள் துப்பாக்கி இருப்பதைக் கண்டபின்னரும் அவனைப் போகவிடுகின்றான். சிறிது நேரத்தில் இருவரும் இயந்திரங்களுக்குள் இருந்து பொருதுகின்றனர். வாள் வீச்சில் இரு இயந்திரங்களின் மார்புக் கவசங்களும் பிளவுபட, உள்ளே இருக்கும் முகங்கள் ஒன்றையொன்று காண்கின்றன.

இரும்பு பிளந்து முகம் தெரியும் இவ்விடத்தில் சண்டை நின்று நாடகம் தொடங்குகின்றது என்று சொல்வது பொருந்தாது. வாள் வீசப்பட்டதனாலேயே முகம் தெரிந்தது. முகம் தெரிந்தமையால் இனி வீசப்படும் வாளின் பாரம் வேறு. அடுத்த பகுதியில் இது இன்னும் கொடுமையான வடிவில் மீள்கின்றது. எதிரிக் கப்பலுக்குள் புகுந்து போரிடும் ரால், அங்கே தான் முன்பு பணிந்து நின்ற தலைவனின் மகளைக் காண்கின்றான். கண்ட கணத்தில் அவன் தயங்குகின்றான், தயங்கியமையால் காயப்படுகின்றான், முடிவில் தன்னைத்தானே மாய்த்துக்கொள்கின்றான். அவனை வீழ்த்தியது பகைவனின் ஆயுதத்தினும் மேலாக அறிந்த முகமொன்றாகும்.

இவற்றினும் ஆழமானது 13 ஆம் பகுதி எனலாம். அதில் இயந்திரப் போர் முதன்மையானதன்று. அமுரோ தன் தாயைத் தேடி அகதிகளின் மருத்துவ முகாமொன்றுக்குச் செல்கின்றான். எதிரிப் படையினர் சோதனையிட வரும்போது நோயாளியைப்போற் படுத்திருந்து, போர்வைக்குள்ளிருந்து அவர்களுள் ஒருவனைச் சுடுகின்றான். தாய் திகைக்கின்றாள். பிள்ளை உயிர் தப்பியதில் அவளுக்கு மகிழ்ச்சி வரவேண்டும், வருவதில்லை. தான் பெற்ற பிள்ளையா இவன் என்ற கேள்வியே அவளிடம் எஞ்சுகின்றது. பிரியும்போது அமுரோ படைவீரனுக்குரிய முறையில் அவளுக்கு வணக்கம் செலுத்திவிட்டுப் போகின்றான். ஒரேயொரு துப்பாக்கிச் சூடு, அதுவும் கண்ணுக்குப் பகட்டாக எதுவுமில்லாத சூடு, தாய்க்கும் பிள்ளைக்கும் இடையில் இருந்ததை முடித்துவிடுகின்றது. அளவைக் கணக்குப் பார்ப்போர் இப்பகுதியை ‘சண்டை குறைந்த’ பகுதி என எழுதிவைப்பர்.

போர்க் காட்சிகள் எங்கிருந்து மிகுகின்றன என்பதற்கும் இத்தொடரே சான்று தருகின்றது. விளையாட்டுப் பொருள் செய்யும் குளோவர் நிறுவனமே இதன் அனுசரணையாளர். விற்பனைக்கு ஏற்ற புதிய பொறிகள் கதையினுள் வரவேண்டியிருந்தன. கன்டாமுடன் இணைந்து உருமாறும் ‘ஜி ஆர்மர்’ என்னும் பொறி அவ்வாறு வந்ததே. பார்வையாளர் தொகை போதாமையால், 52 பகுதிகளாகத் திட்டமிடப்பட்ட தொடர் 43 உடன் நிறுத்தப்பட்டது. 1981, 1982 ஆம் ஆண்டுகளில் தொடரை மூன்று திரைப்படங்களாகத் தொகுத்தபோது தொமினோ அப்பொறியை முற்றாக நீக்கிவிட்டார். ராலையோ தாயையோ நீக்கவில்லை. வணிகத்தின் தேவைக்காக நுழைந்த போரையும் கதையின் தேவையால் எழுந்த போரையும் ஆக்கியோனே பிரித்துக் காட்டிய அரிய சந்தர்ப்பம் இது.

ஹிதெஆக்கி அன்னோவின் ‘நியான் ஜெனசிஸ் எவாஞ்சலியன்’ (1995–1996) இதற்கு மறுபுறமாக நின்று பேசப்படுவது. நாடகத்துக்காகப் போரையே துறந்த தொடர் என அதனைக் கொண்டாடுவோர் உளர். அதன் உச்சம் 18 ஆம் பகுதி என்பதில் கருத்து வேற்றுமைக்கு அதிக இடமில்லை. பகைச்சக்தியொன்று தன்வயப்படுத்திக்கொண்ட இயந்திரமொன்று எதிரே வருகின்றது. அதனுள் தன் வயதையொத்த ஒருவன் அகப்பட்டிருப்பதை அறிந்த ஷின்ஜி போரிட மறுக்கின்றான். அவன் தந்தையோ அவனது கட்டுப்பாட்டைத் துண்டித்து, இயந்திரத்தைத் தானாகவே போரிடவிடுகின்றார். சிறுவன் உள்ளே அமர்ந்து கதற, அவனுடைய இயந்திரத்தின் கைகள் மற்றதைக் கிழித்தெறிகின்றன. அகப்பட்டிருந்தவன் தன் வகுப்புத் தோழன் தோஜி என்பதை எல்லாம் முடிந்த பின்னரே அவன் காண்கின்றான். மனிதன் நீக்கப்பட்டால் போர் எவ்வாறிருக்கும் என்பதை இதனினும் தெளிவாகக் காட்டிய காட்சி இத்துறையில் அரிது.

ஆனால் 25, 26 ஆம் பகுதிகளில் அன்னோ வெளியுலகையே கைவிட்டு, ஷின்ஜியின் உள்ளத்தினுள் நிகழும் விசாரணையை மட்டும் காட்டினார். அசையா ஓவியங்களும் கோட்டுச் சித்திரங்களும் குரல்களுமாக அவை நகர்கின்றன. துணிவான முயற்சி, எனினும் அது நாடகமாகவில்லை. தன்னைத்தான் வினவும் மனம் எத்துணை ஆழமானதாயினும், தடுத்து நிற்கும் மற்றொருவர் இன்றேல் அங்கு நாடகத்துக்கு இடமில்லை. 1997 இல் முடிவைத் திரைப்படமாக மீண்டும் ஆக்கியபோது அன்னோ இயந்திரங்களையும் குருதியையும் திரும்ப அழைத்தமை கவனிக்கத்தக்கது. பதினெட்டாம் பகுதியில் இருந்த சமநிலை அதற்குப் பின்னும் அவருக்கு முழுமையாக வாய்க்கவில்லை எனலாம்.

இவ்விடத்தில் இக்கரையோரத்தின் அனுபவம் பற்றிச் சிறிது கூறுதல் வேண்டும். பெரியநீலாவணை, மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என ஒரே பெருவீதியில் தமிழர் ஊரும் முஸ்லிம் ஊரும் மாறிமாறி அமைந்துள்ளன. சந்தையும் வயலும் பாடசாலையும் இவர்களை நாளாந்தம் சந்திக்கவைத்தன. 1980களின் நடுப்பகுதி முதல் 2009 வரை இம்மண்ணில் நிகழ்ந்தவற்றுள், குறிப்பாக 1990 ஆம் ஆண்டில் நிகழ்ந்தவற்றுள், மிகக் கொடியது எதுவெனின், அவை ஒருவரையொருவர் பெயர் சொல்லி அழைக்கத்தக்க மக்களைப் பிளந்து நிகழ்ந்தமையே. கல்முனைக் கவிஞர் சோலைக்கிளியின் ‘எட்டாவது நரகம்’ (1988), ‘காகம் கலைத்த கனவு’ (1991) ஆகிய தொகுதிகளில் போர்க்களத்தைத் தேடுவோர் அதிகம் காணமாட்டார். பறவைகளும் மரங்களும் வீட்டுப் பொருட்களும் அச்சத்தைச் சுமந்து நிற்பதையே காண்பர். அக்காலத்தைக் கண்ட பெற்றோர் பலர் பிள்ளைகளிடம் அதுபற்றிப் பேசுவதில்லை. பேசப்படாத அப்போரின் அடுத்த தலைமுறையே இன்று விடுதி அறைகளிலிருந்து இரும்பு வீரரின் போரைப் பார்த்துக்கொண்டிருக்கின்றது. அது பொழுதுபோக்கே ஆயினும், எத்தகைய போர்க்கதையை நல்ல கதையென அவர்கள் கொள்ளப் பழகுகின்றனர் என்பது அற்ப விடயமன்று.

அவ்வகையில், கன்டாம் வரிசையுள் அதிகம் ஆரவாரமின்றி 1989 இல் ஆறு பகுதிகளாக வெளிவந்த ‘சட்டைப்பைக்குள் ஒரு போர்’ தனித்து நோக்கத்தக்கது. இயக்கியவர் ஃபுமிஹிக்கோ தக்கயாமா. நடுநிலை வகிக்கும் விண்குடியிருப்பொன்றில் வாழும் அல் என்னும் பாடசாலைச் சிறுவனுக்குப் போர் ஒரு வேடிக்கை. படைச் சின்னங்களைச் சேகரிப்பதும், எந்த இயந்திரம் வலியது என நண்பர்களோடு வாதிடுவதுமே அவன் பொழுது. தொடரைப் பார்ப்போரின் உருவமே அச்சிறுவன் என்பது மெல்லப் புலனாகும். இதனை உணராமல் ‘சண்டை போதாது’ எனக் குறைகூறுவோரைத் தொடர் தன்னுள்ளேயே வைத்திருக்கின்றது என்பது நயமான ஏளனம். எதிர்த்தரப்பின் இளம் வீரனான பேர்னியுடன் அவனுக்கு நட்பு உண்டாகின்றது. பக்கத்து வீட்டுக் கிறிஸ் என்னும் பெண்ணைத் தமக்கைபோல் அவன் நேசிக்கின்றான். பேர்னிக்கும் கிறிஸுக்கும் இடையே மெல்லிய அன்பு அரும்புகின்றது. அவன் எதிரி வீரன் என்பது அவளுக்குத் தெரியாது. அவன் அழிக்க வந்த புதிய கன்டாமைச் செலுத்துபவள் அவளே என்பது அவனுக்குத் தெரியாது.

தன் குழுவினர் யாவரும் இறந்தபின் பேர்னிக்குத் தப்பிச்செல்ல வழியிருந்தது. கன்டாம் அழிக்கப்படாவிடின் அக்குடியிருப்பையே அணுகுண்டால் தகர்க்கத் தன் தரப்பார் எண்ணியுள்ளனர் என்பதால் அவன் திரும்பி வருகின்றான். பழுதான பழைய இயந்திரமொன்றைச் சிறுவனும் அவனுமாகச் சீர்செய்கின்றனர். அணுகுண்டு ஏந்திவந்த கப்பல் பிடிபட்டுவிட்டது, இனிப் போரிடத் தேவையில்லை என்ற செய்தி கடைசி வேளையில் அலுக்கு எட்டுகின்றது. அவன் ஓடுகின்றான், கத்துகின்றான். அதற்குள் பேர்னியின் கோடரி கன்டாமின் தலையைத் துண்டிக்க, கன்டாமின் ஒளிவாள் பேர்னி அமர்ந்திருந்த இடத்தை ஊடுருவிவிடுகின்றது. சிதைந்த கன்டாமிலிருந்து மயங்கிய நிலையில் வெளியே எடுக்கப்படுவது கிறிஸ் என்பதைச் சிறுவன் பார்க்கின்றான்.

இம்மோதல் சில நிமிடங்களே நீடிக்கின்றது. கர்ணன் கதையில் பொருதுவோருள் ஒருவனேனும் அறிந்திருந்தான். இங்கே பொருதிய இருவரும் அறியார்; ஒரு சிறுவன் மட்டும் அறிகின்றான், அதுவும் காலங்கடந்து. கன்டாமைச் செலுத்துபவரை வெறுக்கவேண்டாம், அவரும் தன்னைப்போலத் தன் கடமையைச் செய்பவரே என்று பேர்னி அலுக்காக ஒளிப்பேழையொன்றிற் பதிந்து வைத்துச் சென்றிருக்கின்றான். யாரைப் பற்றிச் சொல்கின்றோம் என்பதைத் தெரியாமலே சொல்லிவைத்த சொற்கள் அவை. சில நாட்களின் பின் வேற்றிடம் மாறிச்செல்லும் கிறிஸ், பேர்னிக்குத் தன் விடைபெறுதலைச் சொல்லிவிடுமாறு அலிடம் கேட்கின்றாள். அவன் தலையசைக்கின்றான். அவளுக்கு உண்மையைச் சொல்லாமல் விடுவது அன்பா, கோழைத்தனமா என்பதைத் தொடர் தீர்த்துவைப்பதில்லை.

போர் முடிந்து பாடசாலை மீண்டும் கூடுகின்றது. அதிபர் போரினால் ஏற்பட்ட இழப்புகளைப் பற்றிப் பேசுகையில் அல் வாய்விட்டு அழத் தொடங்குகின்றான். நண்பர்கள் அவனைச் சூழ்ந்து தேற்றுகின்றனர். போர் முடிந்துவிட்டதே என்று அவன் வருந்துவதாக அவர்கள் எண்ணுகின்றனர். கவலைப்படாதே, இதனிலும் பெரிய போரொன்று சீக்கிரம் வரும் என்கின்றனர்.